மலர்க்கம்பள வீதிகள்: ஸ்பெல்லோ, ஜென்சானோ, லா ஒரோத்தாவா, ஆன்டிகுவா – எந்த ஊருக்குப் போவது?

வீதி முழுவதும் இதழ்களால் ஓவியம் வரைந்து, அது வாடுவதற்குள் அதன்மேல் திருப்பவனியை நடத்தும் விழாக்கள் ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பல ஊர்களில் நடக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறையேனும் அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பணம் சேர்த்து, விடுப்புக்கும் சொல்லிவைத்தவர்கள், ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். இத்தாலிக்குப் போவதா, ஸ்பெயினுக்குப் போவதா, குவாத்தமாலா அவ்வளவு தூரம் போகத் தகுந்ததா என்ற கேள்வியைப் பலர் பல வடிவங்களில் கேட்டிருக்கிறார்கள். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. எல்லா ஊர்ப் படங்களும் அழகாகவே இருக்கின்றன. அவை அனைத்தும் கம்பளம் முடிந்து, யாரும் அதன்மேல் கால் வைக்காத அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கப்பட்டவை. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது.

நான்கு ஊர்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில் உள்ள ஸ்பெல்லோ, ரோம் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள ஜென்சானோ தி ரோமா, கானரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபேயின் லா ஒரோத்தாவா, குவாத்தமாலாவின் பழைய தலைநகரான ஆன்டிகுவா. சிசிலியின் நோத்தோ நகரில் மே மாதம் மூன்றாம் ஞாயிறை ஒட்டி நடக்கும் பூவிழாவைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 1980இல் தொடங்கிய அந்த விழா வசந்தத்தை வரவேற்பதற்கானது. அதன் கம்பளங்கள் நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) ஏந்திவரும் பவனிக்காக விரிக்கப்படுபவை அல்ல. மெக்சிகோவின் ஹுவாமான்த்லாவில் ஆகஸ்ட் 14 இரவு, ஊரே உறங்காமல் மாதாவின் பவனிக்காகக் கம்பளம் விரிக்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரிய ஊர். இங்கிலாந்தில் வாழ்பவர்களுக்கு ஒரு சொல்: அருண்டெல் பேராலயத்தில் 1877 முதல் கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் நற்கருணைப் பெருவிழா நாளுக்காக நடுப்பாதை நெடுகிலும் மலர்க்கம்பளம் விரிக்கிறார்கள். அது வீதியில் இல்லை, ஆலயத்துக்குள் இருக்கிறது. ஆனால் லண்டனிலிருந்து ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்பதால், நீண்ட பயணத்துக்கு முன் இந்த மரபோடு பழகிக்கொள்ள நல்ல தொடக்கம்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: கம்பளத்தின் வாழ்வில் எந்த நேரத்தை நீங்கள் பார்க்க விரும்புகிறீர்கள்? ஒரு மலர்க்கம்பளத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு. ஆட்கள் முழங்காலிட்டுக் குனிந்து இதழைத் தூவும் உழைப்பு முதலாவது. முடிந்த ஓவியம் முழுமையாகக் கிடக்கும் அமைதி இரண்டாவது. குருவானவர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி விதானத்தின் கீழ் நடந்துவர, அல்லது சுரூபம் தோள்களில் அசைந்துவர, ஓவியம் காலடியில் கலைந்துபோகும் முடிவு மூன்றாவது. நான்கு ஊர்களிலும் இம்மூன்றும் நடந்தாலும், ஒவ்வோர் ஊரும் அவற்றில் ஒன்றை வெகுவாக நீட்டி, ஆழமாக வாழ்கிறது. வாசலில் அதிகாலையில் இட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு மறைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கலைவதும் கோலத்தின் ஒரு பகுதிதான் என்பது புதிதல்ல. ஆகவே "எது அழகு" என்பதை விட்டு, "எந்த நேரத்தில் நான் அங்கே நிற்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வழிபாட்டின் தன்மை. முதல் மூன்று ஊர்களிலும் விழா, நாம் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா என்று சொல்லும் கார்ப்பஸ் கிறிஸ்டியைச் சார்ந்தது. 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருஅவை முழுமைக்கும் ஏற்படுத்திய இந்தப் பெருவிழா மகிழ்ச்சியின் விழா. ஆன்டிகுவாவில் நடப்பது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் புனித வாரமும். அது துக்கத்தின் விழா. இந்த வேறுபாட்டை எண்ணாமல் பயணச்சீட்டு வாங்குவோர், வண்ணங்களை எதிர்பார்த்துப் போய், தூபப் புகையும் இறுதி ஊர்வல இசையும் சூழ்ந்த ஒரு பெரிய வெள்ளிக்கு நடுவே நிற்க நேரிடும். அதற்காகவே போவோருக்கோ அதைவிடப் பெரிய பேறு இல்லை.

அடுத்தவை நடைமுறை சார்ந்தவை: விசாவும் தொலைவும், தங்குமிடம் கிடைப்பதும் அதன் விலையும், மழை வரும் வாய்ப்பு, கண்விழிக்கவும் சரிவில் ஏறவும் உடல் ஒத்துழைப்பது. மழையை யாரும் முதலில் எண்ணிப் பார்ப்பதில்லை. இதழும் மழையும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு மணி நேர இடிமழை ஊராரின் பல மாத உழைப்பையும் உங்கள் பயணத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

## தேதி என்னும் முதல் தடை

நான்கு விழாக்களும் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரைப் பின்பற்றி நகர்பவை. சென்ற ஆண்டின் தேதியை வைத்து இந்த ஆண்டுக்குத் திட்டமிட முடியாது. கார்ப்பஸ் கிறிஸ்டி, ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 60ஆம் நாளான வியாழக்கிழமையில் வருகிறது. இத்தாலியில் அதை அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். லா ஒரோத்தாவாவில் அந்த ஞாயிறும் கழிந்து, அடுத்து வரும் வியாழனன்று, அதாவது விழாவின் எட்டாம் நாளில், மலர்க்கம்பளம் விரிக்கிறார்கள். கார்ப்பஸ் கிறிஸ்டி வியாழனன்றே தெனெரீஃபேயில் வந்து இறங்கி, ஒரோத்தாவாவின் தெருக்களில் பூவைத் தேடி ஏமாறுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

| ஊர் | நாள் | 2027 | 2028 | முதன்மைப் பொருள் | உச்ச நேரம் |
|---|---|---|---|---|---|
| ஸ்பெல்லோ | கார்ப்பஸ் ஞாயிறும் முந்தைய இரவும் | மே 29–30 | ஜூன் 17–18 | இதழ், இலை, விதை | சனி நள்ளிரவு முதல் ஞாயிறு முற்பகல் வரை |
| ஜென்சானோ | கார்ப்பஸ் விழாவை ஒட்டிய சனி முதல் திங்கள் வரை | நகராட்சி அறிவிப்பே இறுதி | நகராட்சி அறிவிப்பே இறுதி | இதழ் | ஞாயிறு மாலை, திங்கள் மாலை |
| லா ஒரோத்தாவா | கார்ப்பஸ் ஞாயிறுக்குப் பின்வரும் வியாழன் | ஜூன் 3 | ஜூன் 22 | இதழ், வறுத்த புதர்த்தழை. சதுக்கத்தில் எரிமலை மண் | காலை முதல் மாலைப் பவனி வரை |
| ஆன்டிகுவா | தவக்கால ஞாயிறுகளும் புனித வாரமும் | பெரிய வெள்ளி மார்ச் 26 | பெரிய வெள்ளி ஏப்ரல் 14 | சாயமிட்ட மரத்தூள், பூ, பைன் ஊசியிலை | வியாழன் இரவு முதல் வெள்ளி இரவு வரை |

## ஸ்பெல்லோ: இரவின் உழைப்பைப் பார்க்க விரும்புவோருக்கு

ஸ்பெல்லோவில் விழாவின் உயிர் சனிக்கிழமை இரவில் இருக்கிறது. மாலையில் தெருக்களை மூடுகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒதுக்கிய இடத்தில் கோட்டுருவத்தை விரித்து, காற்றுக்கும் மழைக்கும் காப்பாக மேலே கூரை அமைத்து, விளக்கேற்றி, விடியும்வரை இதழ் பதிக்கிறது. காலையில் கூரைகள் அகற்றப்படுகின்றன, நடுவர்கள் பார்வையிடுகிறார்கள், முற்பகலில் ஆயர் நற்கருணையை ஏந்தி, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் கம்பளங்களின்மேல் நடக்கிறார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இங்கு விழாவோடு போட்டியும் நடக்கிறது. அதன் விதிகள் கண்டிப்பானவை. செடியிலிருந்து வந்த பொருளை மட்டுமே பயன்படுத்தலாம், சாயம் கூடாது. இந்த ஒரு விதிதான் ஸ்பெல்லோவை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. நீலம் வேண்டுமென்றால் நீலப் பூவைத் தேடிப் போக வேண்டும். ஒரு முகத்தின் நிழலுக்கு இளம் பழுப்பு தேவைப்பட்டால், அந்த நிறத்தில் காயும் இதழைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் மாதக்கணக்கில் மலைச்சரிவுகளில் பூப்பறித்து, வகைபிரித்து, உலர்த்தி, பொடித்து வைக்கின்றன. பாட்டிமார் மேசையைச் சுற்றி அமர்ந்து இதழ் கிள்ளும் அந்த வேலை விழா நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பெல்லோவின் ஓவியத்தைக் குனிந்து பார்க்கும்போது, ஒரு விரற்கடைக்குள் ஐந்தாறு பச்சைகள் மாறுவது ஏன் என்பது அதை அறிந்தவருக்கே புரியும்.

மறைமுகச் செலவு தூக்கம். சுவர் சூழ்ந்த சிறிய குன்றூர் இது. உள்ளே அறைகள் குறைவு, அவையும் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். அருகில் உள்ள ஃபோலிஞ்ஞோவிலோ அசிசியிலோ தங்கினால் ரயிலில் சில நிமிடப் பயணம்தான், நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே ஏறிவிடலாம். ஆயினும் பின்னிரவில் ரயிலை நம்ப முடியாது என்பதால், நீங்கள் பார்க்க வந்த அந்த இரவுக்குத்தான் திரும்பும் வழி இல்லாமல் போகும். இரண்டு வழிகள் உண்டு: இரவு முழுவதும் தெருவிலேயே கழிப்பது என்று முடிவுசெய்து, அதற்கேற்ற காலணியும் மேலாடையும் கொண்டுபோவது, அல்லது சனி மாலை சில மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, ஞாயிறு விடியலில் முதல் ரயிலில் மீண்டும் வருவது. குழந்தைகளோடு போவோர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தெருக்கள் ஒடுக்கமானவை, ஏற்றமானவை. ஞாயிறு காலை கூட்டம் ஒரே திசையில் நகரும்போது நின்று பார்க்க இடம் கிடைப்பது கடினம்.

விழா முடிந்த பிற்பகலில் ஊர் சற்று ஓயும். அப்போது சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்துக்குள் சென்று, பிந்துரிக்யோ 1501இல் முடித்த பாலியோனி சிற்றாலயச் சுவரோவியங்களைப் பார்க்கலாம். முந்திய இரவு தெருவில் பார்த்த ஓவியங்களின் அமைப்பும் ஆடை மடிப்பும் எங்கிருந்து வந்தன என்பதை அந்தச் சுவர்கள் சொல்லிவிடும்.

## ஜென்சானோ: ஒரே தெரு, மூன்று நாள்

மலர்க்கம்பள மரபு ரோமில் தொடங்கியது. 1625 ஜூன் 29 அன்று, புனித பேதுரு, பவுல் பெருவிழாவில், வத்திக்கானின் மலர்ப் பணிக்குப் பொறுப்பாக இருந்த பெனெதெத்தோ த்ரேயி இதழ்களால் ஓவியம் அமைத்தார் என்று வரலாறு சொல்கிறது. பெர்னினி போன்ற கலைஞர்கள் அதைத் திருவிழாக்களின் அணியாக வளர்த்தார்கள். ரோமில் அது மங்கிய பின் பக்கத்துக் குன்றூர்கள் அந்தக் கலையை ஏந்திக்கொண்டன. ஜென்சானோவில் 1778 முதல் நடக்கிறது.

இங்கே பல தெருக்கள் இல்லை. ஒரே தெரு, சாந்தா மரியா தெல்லா சீமா ஆலயத்தை நோக்கி நேராக ஏறிச்செல்லும் சரிவு, ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். சரிவாக இருப்பதால் அடிவாரத்தில் நின்றாலே கம்பளம் முழுவதும் திரைச்சீலைபோல் எழுந்து நிற்கும். மற்ற ஊர்களில் நடந்து நடந்து துண்டுதுண்டாகப் பார்ப்பதை இங்கே நின்ற இடத்திலிருந்தே ஒரே பார்வையில் பார்க்கலாம். நடக்க இயலாத பெற்றோரை அழைத்துப் போவோருக்கு நான் ஜென்சானோவையே சொல்வதற்கு இது முதற்காரணம்.

நாள்களும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. பறித்த பூக்களை ஊரின் அடியில் உள்ள குளிர்ந்த குகைகளில் வாடாமல் வைத்து, இதழ் பிரிக்கிறார்கள். அந்த இதழ் பிரிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஸ்பெல்லுக்கமென்த்தோ. பிறகு தெருவில் கோடு வரைந்து இதழ் பதிக்கிறார்கள். ஞாயிறு மாலை பவனி கம்பளத்தின்மேல் போகிறது. திங்களன்று ஊர்ப் பிள்ளைகள் ஆலயப் படியிலிருந்து கூட்டமாக ஓடிவந்து எஞ்சிய ஓவியங்களை உதைத்துக் கலைக்கிறார்கள்; அதற்கு ஸ்பல்லமென்த்தோ என்று பெயர். ஞாயிறோடு திரும்பிவிடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. மூன்று நாள் காத்த அழகைப் பிள்ளைகளின் கையில், அல்லது காலில், ஒப்படைத்துவிடும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே திங்கள்வரை இருப்பது தகும்.

செலவில் நான்கு ஊர்களிலும் இதுவே எளியது. ரோமில் தங்கிக்கொண்டு, அனக்னீனா மெட்ரோ நிலையத்திலிருந்து கோத்ரால் பேருந்தில் போய்வரலாம். விழாவுக்கென்று தனி அறைக்கட்டணம் ஏறுவதில்லை. விலை வேறு வடிவில் வருகிறது: சாலைகளை மூடுவதால் பேருந்துகள் தாமதமாகும், ஞாயிறு இரவு திரும்பும் பேருந்துக்கு நீண்ட வரிசை நிற்கும். பவனி முடிந்ததும் ஓடாமல், அந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த ரொட்டியைச் சாப்பிட்டு (1997இல் ஐரோப்பியப் புவிசார் காப்புப் பெற்ற ரொட்டி அது), கூட்டம் கரைந்த பின் கிளம்புவது நல்லது. விழாத் தேதியை ஈஸ்டரிலிருந்து நீங்களே கணக்கிட்டுவிடாமல், நகராட்சி அறிவித்த பிறகு விமானச்சீட்டு வாங்குங்கள்.

குறை என்றால், ஓவியங்கள் பெரும்பாலும் ஒரு கருப்பொருளின் கீழ் வரையறுக்கப்பட்டவை. தெருவெங்கும் அலைந்து எதிர்பாராத ஒன்றைக் கண்டெடுக்கும் இன்பம் இங்கே குறைவு.

## லா ஒரோத்தாவா: பூவும் மண்ணும்

1847இல் மொந்தேவெர்தே குடும்பத்தைச் சேர்ந்த லெயொனோர் தெல் காஸ்தில்யோ தம் வீட்டு வாசலில், பவனி கடந்துபோகும் இடத்தில், ஒரு மலர்க்கம்பளம் விரித்தார். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் விரித்தன. நகராட்சியோ ஆலயமோ கட்டளையிட்டு வந்ததல்ல, ஒரு வாசலிலிருந்து பரவிய மரபு என்பதால், இன்றும் பல கம்பளங்களைக் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தமக்குரிய இடத்தில் அமைக்கின்றன.

பகலில் நடப்பது ஒரோத்தாவாவின் பெரும் வசதி. வியாழன் காலையில் தெருவில் அச்சுச் சட்டங்களை வைத்து வேலை தொடங்குகிறார்கள், பிற்பகலுக்குள் முடிக்கிறார்கள், மாலையில் பவனி. மூன்று பருவங்களையும் ஒரே பகலில், தூக்கத்தை இழக்காமல் பார்க்க முடிவது இந்த ஒரு ஊரில்தான். மலையில் வளரும் பிரேசோ என்னும் புதர்த்தழையை நறுக்கி வறுத்து, பச்சையிலிருந்து கறுப்புவரை நிறமேற்றுவது இவர்களின் தனிக்கலை. கோடுகளுக்கும் நிழலுக்கும் அதையே தூவுகிறார்கள்.

ஆனால் ஊரின் பெருமை நகராட்சிச் சதுக்கத்தில் இருக்கிறது. சுமார் 900 சதுர மீட்டர் பரப்பில், தெய்தே எரிமலைப் பூங்காவிலிருந்து கொண்டுவந்த மண்ணால் மட்டுமே ஒரு மாபெரும் விவிலிய ஓவியம் அமைக்கப்படுகிறது. அதன் சிவப்பும் காவியும் கருநீலச் சாயலும் சாம்பலும் எரிமலை தந்த இயல்பு நிறங்களே, சாயம் சேர்ப்பதில்லை. கலைஞர்கள் பலகைகளின்மேல் குப்புறப் படுத்து, விரலிடுக்கிலிருந்து மணலை வழியவிட்டு வாரக்கணக்கில் வரைகிறார்கள். தெய்தே தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது 1954இல். கம்பள மரபு அதற்கு நூறாண்டு மூத்தது. பாதுகாக்கப்பட்ட மண்ணை அனுமதியோடு எடுத்துவந்து, கடல் மட்டத்திலிருந்து 3,715 மீட்டர் உயர்ந்து, தங்கள் தலைக்கு மேல் நிற்கும் மலையையே பவனியின் காலடியில் விரிக்கும் இந்தச் செயலில் உள்ள பக்தியை நான் வேறெங்கும் அறிந்ததில்லை. சதுக்கத்து ஓவியம் விழாவுக்குப் பல நாள் முன்பிருந்தே பார்வைக்குக் கிடைப்பதால், வியாழனன்று தெருக்களுக்கு நேரத்தை ஒதுக்கிவிட்டு, சதுக்கத்தை முந்தைய நாள்களில் நிதானமாகப் பாருங்கள்.

மழைக்கு அஞ்சுவோருக்கு ஒரு செய்தி: ஜூனில் தீவின் வடகரையில் தாழ்ந்த மேகம் கவிந்திருப்பது வழக்கம், ஊரார் அதைக் கழுதை வயிறு என்று அழைக்கிறார்கள். கடற்கரை வெயிலுக்காக வருவோர் அதை நொந்துகொள்வார்கள். இதழ் வாடாமல் காக்கும் குடை அது என்பது மலர்க்கம்பளத்துக்காக வருவோருக்குத் தெரியும்.

மறைமுகச் செலவு, விமான நிலையத்தில் தொடங்குகிறது. தீவில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. வடக்கு நிலையம் லா லகூனாவுக்கு அருகில் இருப்பதால் ஒரோத்தாவாவுக்கு எளிது. தெற்கு நிலையம் தீவின் மறுபுறத்தில். மலிவான சீட்டு அங்கே இறக்கிவிட்டால், மிச்சம் பிடித்த பணமும் அரை நாளும் சாலையில் போய்விடும். தங்குவதற்கு கீழே கடலோரத்தில் உள்ள புவெர்த்தோ தெ லா க்ரூஸ் போதும். சுற்றுலாவுக்கென்றே வளர்ந்த ஊர் என்பதால் அறைகள் நிறைய உண்டு, அங்கிருந்து குவாகுவா எனப்படும் பேருந்து மேலே ஏறுகிறது. ஊரின் தெருக்கள் மிகச் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்து கீழாக நடக்கும்படி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால், பின்வரும் ஞாயிறு (2027இல் ஜூன் 6) புனித இசிதோர் விழாவில் மாட்டு வண்டிகளோடும் மரபு உடைகளோடும் ஊர் முழுவதும் வீதிக்கு வருவதையும் பார்த்துவிடலாம்.

## ஆன்டிகுவா: ஒரே தெருவில் மீண்டும் மீண்டும்

1773இன் நிலநடுக்கங்களில் சிதைந்து, 1776இல் தலைநகரத் தகுதியை இழந்த இந்த நகரம், இடிந்த ஆலயங்களையும் கருங்கல் பாவிய தெருக்களையும் அப்படியே வைத்திருக்கிறது. 1979 முதல் அது உலகப் பாரம்பரிய நகரம். குவாத்தமாலாவின் புனித வாரத்தை 2022இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கம்பளத்தின் முதன்மைப் பொருள் இங்கே மரத்தூள். சீரற்ற கற்களின்மேல் முதலில் மணலையோ சாயமிடாத மரத்தூளையோ பரப்பிச் சமன்செய்து, அட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்துச் சாயமிட்ட தூளைச் சல்லடையால் சலித்து, காற்று கலைக்காதபடி நீர் தெளிக்கிறார்கள். பூவும் பைன் ஊசியிலையும் பழமும் காய்கறியும்கூட இடம்பெறும். கொரோசோ என்னும் பனைவகையின் பாளைப்பூ பிளந்து வைக்கப்படும்போது எழும் மணம் தூபத்தோடு கலந்து நகரம் முழுவதும் பரவி நிற்கும்.

ஐரோப்பிய ஊர்களில் பவனி ஒன்று. அது போனதும் கம்பளத்தின் வாழ்வு முடிந்தது. ஆன்டிகுவாவில் ஒரு பவனி கடந்துபோன சில நிமிடங்களில் துப்புரவுக் குழு தூளை வாரிச் செல்கிறது. அடுத்த பவனி வரும் தெருவாக இருந்தால், வீட்டார் மீண்டும் வெறுங்கல்லிலிருந்து தொடங்குகிறார்கள். பத்து மணி நேரம் உழைத்து அமைத்ததைப் பவனி ஒரு நிமிடத்தில் கடந்துபோவதையும், அதை அமைத்தவர்கள் ஓரத்தில் நின்று மகிழ்ச்சியோடு பார்ப்பதையும் ஒரே நாளில் பலமுறை காணலாம். கம்பளத்தின் மூன்றாம் பருவத்துக்காகவே பயணம் போகிறவருக்கு இதற்கு இணையான ஊர் இந்த நான்கில் இல்லை.

பெரிய வெள்ளி விடியலுக்கு முன் லா மெர்செத் ஆலயத்திலிருந்து சிலுவை சுமக்கும் இயேசுவின் சுரூபம் புறப்படுகிறது. சில டன் எடையுள்ள மேடையை 80 பேர் வரை தோளில் தாங்கி, ஊதா அங்கியில், அசைந்தசைந்து நடக்கிறார்கள். தெருவுக்குத் தெரு தோள் மாறுகிறது. மாதாவின் மேடையைப் பெண்கள் சுமக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பின், இயேசு உயிர்நீத்த நேரத்தை மதித்து, ஊதா நீங்கிக் கறுப்பு வருகிறது. நம் ஊர்களில் தேரும் சப்பரமும் பார்த்தவர்களுக்கு அந்த அசைவும் தோளின் வலியும் எளிதில் புரியும்.

செலவு இங்கேதான் மிகுதி. அறைக்கட்டணம் புனித வாரத்தில் வழக்கமான நாள்களைவிடப் பலமடங்கு உயர்கிறது. சில நாள்கள் தொடர்ந்து தங்கினால்தான் தருவோம் என்ற நிபந்தனையும் வரும். குவாத்தமாலா சிட்டி விமான நிலையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்த வாரத்தில் அந்தத் தூரத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். மலிவாகத் தெரிந்த சீட்டு இந்த இடத்தில் பயனற்றுப்போவதைப் பலர் கடைசி வாரத்தில்தான் உணர்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தூபப் புகையின் அடர்த்தியைக் குறைத்து எண்ணக் கூடாது.

இதற்கு மாற்றாக, புனித வாரத்தை விட்டுவிட்டுத் தவக்கால ஞாயிறு ஒன்றில் போகலாம். சுற்றுவட்டார ஆலயங்களிலிருந்து அப்போதும் பவனிகள் வருகின்றன, கம்பளங்களும் விரிக்கப்படுகின்றன; கூட்டமும் வாடகையும் குறைவு. கம்பளம் அமைப்போரோடு நின்று பேசவும், அவர்கள் சம்மதித்தால் சல்லடையை வாங்கி நாமே தூவவும் இடம் கிடைப்பது அந்த நாள்களில்தான். மார்ச், ஏப்ரல் அங்கே வறண்ட காலம். மழைக்கால அச்சம் நான்கு ஊர்களிலும் இங்கேதான் மிகக் குறைவு.

## யாருக்கு எது

முதல்முறை போகிறீர்கள், குடும்பத்தோடு போகிறீர்கள், ரோமைப் பார்ப்பதும் திட்டத்தில் உண்டு என்றால் ஜென்சானோ. கைவினையில் ஈடுபாடு உள்ளவர், ஓர் இரவு விழித்திருக்க உடல் இடம் தருபவர் என்றால் ஸ்பெல்லோ. ஓவியத்தின் நுட்பத்தை மட்டும் வைத்துச் சொன்னால் என் வாக்கும் அதற்கே. பகலிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், சில நாள் ஓய்வும் வேண்டும் என்போருக்கு லா ஒரோத்தாவா. இயேசுவின் பாடுகளின் துயரத்தை வழிபாடாகவே வாழ விரும்புபவர், அதற்காகக் கூடுதல் செலவையும் தொலைவையும் ஏற்பவர் ஆன்டிகுவாவுக்குப் போக வேண்டும். வேறு ஊருக்குப் போனால் அவருடைய மனம் நிறையாது.

நாள்காட்டியைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு வழியும் தெரிகிறது. ஸ்பெல்லோவின் ஞாயிறுக்கும் ஒரோத்தாவாவின் வியாழனுக்கும் இடையில் எந்த ஆண்டிலும் மூன்று முழு நாள்கள் இருக்கும். 2027இல் மே 30 முற்பகல் உம்ப்ரியாவில் ஆயரின் பவனியைப் பார்த்துவிட்டு, ரோம் திரும்பி, மத்ரித் அல்லது பார்சலோனா வழியாகத் தெனெரீஃபே போய், ஜூன் 3 காலையில் ஒரோத்தாவாவின் தெருவில் நிற்கலாம். கானரித் தீவுகளும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்குவதால் ஒரே விசா போதும். வயது வந்தோருக்கு அதன் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இத்தாலியா ஸ்பெயினா என்பதை அறை பதிவு செய்வதற்கு முன்பே நாள் எண்ணி முடிவுசெய்துகொள்ளுங்கள். விண்ணப்பங்கள் குவியும் கோடை விடுமுறைக் காலம் அது. டிசம்பரிலேயே தாள்களைத் திரட்டத் தொடங்குவோருக்கு மே மாதம் பதற்றமில்லாமல் வரும்.